குடிவழியும் படைவழியும்: தோட்டத் தமிழர் மரபுவரிசையை எழுதும் முறை



குடிவழி, கால்வழி, கொடிவழி, வமிசாவளி என ஒரு குடும்பத்தின் தலைமுறை வரிசையைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. சொல் பலவாக இருந்தும், கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவரிடம் அவருடைய பாட்டனாரின் தந்தை பெயர் யாது, அவர் எவ்வூரிலிருந்து எவ்வாண்டு வந்தார் என்று வினவினால், பெரும்பாலும் மூன்றாந் தலைமுறையோடு விடை நின்றுவிடுகிறது. இதனை மறதி என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் எந்தப் பெயர் ஏட்டில் ஏறியது, எது ஏறவில்லை, ஏறியது எவ்வெழுத்தில் ஏறியது என்பனவே அம்முறிவுக்குக் காரணம் என்பதும், மொழியறிவின் துணைகொண்டு அம்முறிவின் ஒரு பகுதியையேனும் சீர்செய்ய இயலும் என்பதும் இச்சொற்பொழிவில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாகும்.

1. அயல்நாட்டு ஒப்புமை

ஒப்புமைக்காக முதலில் அமெரிக்காவை நோக்குவோம். அங்கே தொடக்ககாலக் குடியேறிகளின் வழிவந்தோர் பலர், 1776இல் விடுதலை அறிவித்த போரில் ஈடுபட்ட தம் முன்னோரைப் பெயர், ஊர், படைப்பிரிவு ஆகியவற்றோடு சுட்டவல்லவர்களாக உள்ளனர். அவர்கள் நம்மினும் நினைவாற்றல் மிக்கவர்கள் என்பது இதற்குக் காரணமன்று. 1832இல் அந்நாட்டுப் பேராயம் ஓர் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. ஆறு திங்களேனும் விடுதலைப் போரில் பணியாற்றிய முதியோர் நீதிமன்றத்தில் தோன்றி, தம் வரலாற்றை உறுதிமொழியோடு உரைத்தால் ஓய்வூதியம் கிட்டும் என்பது அதன் சாரம். போர் முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தமையால் பலரிடம் பணிவிடுப்புச் சீட்டு இல்லை. எனவே அரசு ஏழு வினாக்களை வகுத்தது. எவ்வூரில் எவ்வாண்டு பிறந்தீர்? உம் வயதுக்குச் சான்றேடு உண்டா? பணிக்கு அழைக்கப்பட்டபோது எங்கு வாழ்ந்தீர்? தாமாகச் சேர்ந்தீரா, கட்டாயத்தால் சேர்ந்தீரா, வேறொருவருக்கு மாற்றாகச் சென்றீரா? உடனிருந்த படைத்தலைவர் யாவர்? பணிவிடுப்புச் சீட்டுப் பெற்றீரா? உம்மை அறிந்து சான்று பகரவல்ல அண்டை அயலார் யாவர்? இவையே அவ்வேழு வினாக்களின் பொருள்.

1836இல் கைம்பெண்களுக்கும் ஓய்வூதியம் விரிவாக்கப்பட்டது. திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டிய நிலையில், பிறப்பும் மணமும் இறப்பும் குறித்துவைத்திருந்த குடும்ப விவிலியத்தின் தாள்களையே கிழித்து அனுப்பினர் பலர். அத்தாள்கள் இன்றும் அந்நாட்டு ஆவணக்காப்பகத்தில் உள்ளன. முதியோரின் வாய்மொழி, வகுத்த வினாக்களுக்குரிய விடையாக எழுதப்பட்டமையால் ஆவணமாயிற்று என்பதே இதனால் நாம் அறிவது.

இவ்வொளிக்கு ஒரு நிழலும் உண்டு. 1790இல் எடுக்கப்பட்ட அந்நாட்டின் முதல் மக்கட்கணக்கில் குடும்பத்தலைவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் எண்ணிக்கையாகவே நின்றனர்; அடிமைகளும் அவ்வாறே. அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்தவர் அனைவரும் பெயரோடு கணக்கில் ஏறியது 1870இல்தான். அவர்தம் வழித்தோன்றல்கள் பலருக்குக் குடிவழித் தேடல் அவ்வாண்டைத் தாண்டுவது அரிதாகிறது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில் வாழ்ந்தோருள் ஒரு சாராருக்கு நீண்ட வரிசையும் மறு சாராருக்கு முறிந்த வரிசையும் அமைந்தது ஏடு எழுதியோரின் நோக்கத்தால் என்பது தெளிவு.

2. பெயரை எழுதும் மரபு நமக்குப் புதிதன்று

தமிழர் பெயரைப் பேணாதவர் என்னும் கூற்று பிழையானது. செங்கம் முதலிய பகுதிகளில் கிடைத்துள்ள நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டையும், வீரன் யாருடைய சேவகன், யாருடைய மகன் என்பதையும், எந்தப் பூசலில் பட்டான் என்பதையும் கூறுகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு, முதலாம் இராசராசனால் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகப் பெயர் சுட்டி, முன்னிருந்த ஊரையும் கோயிலையும், குடியமர்த்தப்பட்ட தெருவையும் மனை வரிசையையும் குறிக்கிறது. இடம்பெயர்ந்த எளிய மகளிரின் பெயர்ப்பட்டியல் ஆயிரம் ஆண்டுகளாக நின்று நிலவுகிறது. ஆகவே எழுதும் மரபு நமக்கு உண்டு. தோட்டக்காட்டில்தான் அம்மரபு அறுந்தது.

3. மலைக்கு வந்த வழி

மலாயாவுக்குத் தமிழர் சென்ற முறை இம்முறிவை விளக்கும். மொரீசியசுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருக்கு ஆள்வாரியாகச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம் ஆகியன அதில் இருந்தமையால், அந்நாடுகளில் வழித்தோன்றல்கள் அவ்வேடுகளைக் கொண்டு மூதாதையர் ஊரைக் காண்கின்றனர். மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பெருகிவந்த கங்காணி முறையில், ஒருவர் தம் ஊரில் தம் உறவினரையும் அறிமுகமானோரையும் திரட்டி வந்தார். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி அவர்களது பயணச் செலவை ஏற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கிய இவர்களை ஆள்வாரியான ஒப்பந்தச் சீட்டு பிணிக்கவில்லை. உரிமை நோக்கில் இது முன்னேற்றமே. குடிவழி நோக்கிலோ, ஊரும் உறவும் கங்காணியின் நினைவிலும் தோட்டத்துச் செக்ரோல் ஏட்டிலுமே தங்கின.

கேமரன் மலையின் வரலாறு இங்கு நமக்கு ஒரு காலக்கணிப்பைத் தருகிறது. நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் கண்டது 1885இல். ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை நிறைவுற்றது 1931இல். மறுபுறம், 1930இன் பொருளியல் மந்தத்தில் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டுப் பெருந்தொகையினர் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். பின்னர் மீண்டும் தொடங்கிய ஆட்சேர்ப்பும், 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் முற்றுப்பெற்றது. இவ்வாண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தமிழகத்திலிருந்து நேராக மலைத் தேயிலைக்குக் கங்காணி வழி வந்திருக்கக்கூடிய காலம் பத்தாண்டுக்கும் குறைவு என்பது விளங்கும். எனவே ஒரு குடும்பம், எங்கள் பூட்டனார் 1910இல் கப்பலேறினார் என்று கூறுமாயின், அவர் முதலில் கால்வைத்தது சமவெளியிலுள்ள ஏதேனும் ஒரு பால்மரத் தோட்டமாகவே இருத்தல் வேண்டும். மலை அவர்களது இரண்டாம் குடியேற்றம். அக்குடும்பத்தின் தேடல் கம்போங் ராஜாவில் நின்றுவிடலாகாது. பேராக்கிலோ சிலாங்கூரிலோ இருந்த முதல் தோட்டத்தின் பெயரை முதியோரிடம் கேட்டறிதல் வேண்டும்.

4. பெயர்கள் தரும் சான்று

இனி, நம் துறையாகிய மொழியியல் இத்தேடலுக்கு எவ்வாறு உதவும் என்பதைக் காண்போம்.

முதலாவது, தந்தை பெயர். தமிழர்க்கு வழிவழி வரும் குடும்பப்பெயர் பொதுவாக இல்லை. தந்தை பெயரே முன்னெழுத்தாகிறது. மலேசிய ஆவணங்களில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கத்தோடு, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதப்படுகிறது. குடும்பப்பெயர் இல்லாமை குறையெனக் கருதப்படுவதுண்டு. ஆனால் ஆங்கிலேய வழக்கில் மணமான பெண் கணவன் குடிப்பெயரை ஏற்பதால், அவள் பிறந்த குடி ஏட்டில் மறைகிறது. நம் வழக்கிலோ பெண் மணத்திற்குப் பின்னும் இன்னாரின் மகளாகவே அடையாள அட்டையில் நிற்கிறாள். ஒவ்வோர் அட்டையும் சங்கிலியின் ஒரு கண்ணி. தாய்வழியையும் தந்தைவழிக்கு இணையாகத் தொடரலாம் என்பது நம் முறையின் சிறப்பு.

இரண்டாவது, எழுத்துப்பெயர்ப்பு. தோட்டத்துக் கிராணியார் தாம் கேட்டவாறு ஆங்கில எழுத்தில் பெயரை எழுதினார். அவ்வெழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு இல்லை. ணகர, நகர, னகர வேறுபாடும் ரகர, றகர வேறுபாடும் இல்லை. அதனால் வள்ளி என்பவரும் வல்லி என்பவரும் ஏட்டில் ஒருவரே ஆயினர். மறுதலையாக, முத்துசாமி என்னும் ஒருவரே மூன்று ஏடுகளில் மூன்று எழுத்துக்கோவைகளால் மூவராகத் தோன்றுவார். ஆகவே ஏட்டில் எழுத்து ஒன்றாக இருப்பதால் ஆள் ஒருவர் என்றோ, வேறாக இருப்பதால் ஆள் வேறென்றோ முடிவுசெய்தல் கூடாது. முதலில் அப்பெயரைக் குடும்பத்தார் வாயால் ஒலிக்கச்செய்து தமிழெழுத்தில் எழுதுக. பிறகே ஏட்டோடு ஒப்பிடுக.

மூன்றாவது, பேரன் என்னும் சொல். இது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பெயர்த்தி, பேத்தி என்பனவும் அத்தகையன. சொல்லின் பொருளிலேயே நம் குடிவழி முறை அடங்கியுள்ளது. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் உள்ள குடும்பங்களில், ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுதலைமுறையில் திரும்ப வரும். ஒரு வரிசையில் கருப்பையா மகன் வேலு, வேலு மகன் கருப்பையா என்று வருமாயின், முதற் கருப்பையாவின் தந்தை பெயர் வேலுவாக இருத்தல் கூடும் என்று தேடத் தொடங்கலாம். இது தேடலுக்குரிய குறிப்பே, முடிந்த முடிபன்று.

நான்காவது, வட்டார வழக்கு. பாட்டியை அப்பத்தா என்பதா, ஆச்சி என்பதா, ஆயா என்பதா, அம்மாயி என்பதா என்பது தமிழகத்தில் வட்டாரந்தோறும் வேறுபடும். தோட்டத்தில் பல வட்டாரத்தார் கலந்து வாழ்ந்தமையால் பேச்சு பெரும்பாலும் ஒருமைப்பட்டுவிட்டது. எனினும் உறவுமுறைச் சொல் வீட்டுக்குள் பேசப்படுவதாகலின் எளிதில் மாறுவதில்லை. குலதெய்வத்தின் பெயரும் அத்தகையதே. தருமன், அர்ச்சுனன், திரௌபதி என்னும் பெயர்கள் ஒரு குடும்பத்தில் மிகுந்திருப்பின், திரௌபதியம்மன் வழிபாடு செழித்த ஆர்க்காட்டுப் பகுதிகளை நோக்கித் தேடலாம். முனியாண்டி, கருப்பையா மிகுந்திருப்பின் தென்மாவட்டங்களையும் திருச்சிராப்பள்ளிப் பகுதியையும் நோக்கலாம். இவையும் திசைகாட்டுவனவேயன்றி, ஊர் இன்னதென்று அறுதியிட்டு உரைப்பன அல்ல.

5. படைவழி

அமெரிக்கக் குடிவழியில் விடுதலைப் போர்வீரர் நிற்கும் இடத்தில், மலாயாத் தமிழர் குடிவழியில் நிற்பவர் இந்திய தேசிய இராணுவத்தவர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தலைமையேற்றார். அக்டோபர் 21இல் தற்காலிக சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. அதே திங்களில், கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சிராணிப் படைக்குச் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் பிறந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டவர், இளம்பருவத்திலேயே அப்படையில் சேர்ந்து துணைத்தலைவர் பொறுப்புக்கு உயர்ந்தார். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோதும் அவர் முன்னின்றார். 2000இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவர் பெயர் நூல்களில் உள்ளது. ஆனால் போர்க்கைதிகளாக இருந்த படைவீரர்க்கு அப்பால், மலாயாவின் பொதுமக்களிடையே இருந்து அப்படையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள் மிகுதியோர் தோட்டத் தொழிலாளர். செக்ரோல் ஏட்டில் எண்ணாக இருந்தவர், துரையின் முன் தலைகுனிந்து நின்றவர், படையணியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார். அந்த மாற்றத்தின் பொருளை உணர்ந்தாலொழிய அவர் ஏன் சேர்ந்தார் என்பது விளங்காது. அதே காலத்தில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நோயாலும் பசியாலும் மாண்டனர். அப்பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய பெயர்க்கல் இல்லை. நடுகல் எடுத்த இனத்தின் மக்கள் பெயர்க்கல்லின்றிக் கிடக்கின்றனர் என்பது இவ்வரலாற்றின் பெருந்துயர்.

போர் முடிந்தபின் ஆங்கிலேயர் ஆட்சி திரும்பியது. 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் அப்படைத்தலைவர்கள் மீது வழக்கு நடந்தது. தோட்டத்திற்குத் திரும்பிய வீரருக்குத் தம் பணியை உரைப்பதால் பயன் ஏதுமில்லை; அதே துரையின் கீழ் மீண்டும் பிரட்டுக்கு நிற்க வேண்டியிருந்த சூழலில், உரையாதிருத்தலே நலமெனக் கருதவும் இடமிருந்தது. இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கான ஓய்வூதியத் திட்டத்தை 1972இல் தொடங்கி, 1980இல் விரிவாக்கியது. இந்திய தேசிய இராணுவத்தவரும் அதற்கு உரியரென ஏற்கப்பட்டனர். எனினும், 1832இல் அமெரிக்கச் சிற்றூர் நீதிமன்றங்கள் செய்ததுபோல, ஒவ்வொரு முதியவரையும் அழைத்து வினவி எழுதிவைக்கும் பணி மலாயாத் தோட்டங்களில் நடைபெறவில்லை. அப்படை தொடர்பான 990 கோப்புகள் 1997இல் இந்தியத் தேசிய ஆவணக்காப்பகத்திற்கு மாற்றப்பட்டன. ஆய்வாளர்க்கு அவை பெருஞ்செல்வம். ஆயினும், கோப்பில் ஒரு பெயர் கிடைத்தாலும், அது எக்குடும்பத்துப் பெயர் என்று கூறவல்லது குடும்பத்தின் நினைவு ஒன்றே.

6. இன்று ஏன்?

1943இல் பதினெட்டு வயதினராய் இருந்தவர்க்கு 2025இல் நூறு வயது. நேரில் கண்டோர் அநேகமாக மறைந்துவிட்டனர். கேட்டு வளர்ந்த மக்களே இப்போது முதியோர். தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குறைந்து, அயல்நாட்டுத் தொழிலாளர் அவ்விடத்தை நிரப்புகின்றனர். லயங்கள் இடிக்கப்படும்போது பழைய ஏடுகளும் பெட்டிகளும் உடன் அழிகின்றன.

இது பெருமைக்காகச் செய்யும் ஆராய்ச்சி மட்டுமன்று. மலாயாவில் அடையாள அட்டை 1948இல் வந்தது. விடுதலை 1957இல் வந்தது. குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பியாதோர் 1969க்குப் பின் தொழில் உரிமச் சட்டத்தால் இடர்ப்பட்டனர். பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். எஞ்சியோருள் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்தோர் பலர். பிறந்த தோட்டம், பெற்றோர் பெயர், அவர்தம் மணப்பதிவு என்னும் மூன்றும் தாளில் இல்லாமையால், ஒரு தலைமுறையின் குறை மறுதலைமுறைக்கும் சென்றது. பிறப்புச் சான்றில்லாத குழந்தைக்குப் பள்ளி முதல் மருத்துவம் வரை இடர் நேர்வதை ஆசிரியர்கள் நன்கறிவர். குடிவழி எழுதுதல் இங்கு உரிமையைக் காக்கும் பணியுமாகும்.

7. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளிவயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் பயனாகத் தோன்றிய தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, பிள்ளையின் பெயரையும் தந்தையின் பெயரையும் ஒருங்கே தாங்கிய ஏடு. பழைய பதிவேடு எஞ்சியுள்ள பள்ளிகள் அதனைப் படியெடுத்துப் பாதுகாத்தல் முதற்பணி.

இரண்டாவதாக, அமெரிக்கர் வகுத்த ஏழு வினாக்களை நம் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வோம். தாத்தாவோ பாட்டியோ எத்தோட்டத்தில், எவ்வாண்டு பிறந்தார்? அதற்கு என்ன தாள் உண்டு? அவருடைய பெற்றோர் எவ்வூரினர். எந்தக் கங்காணியோடு வந்தனர்? மலைக்கு வருமுன் எத்தோட்டத்தில் இருந்தனர்? ஜப்பானியர் காலத்தில் வீட்டில் எவரெவர் இருந்தனர். எவர் படைக்குச் சென்றார், எவர் இருப்புப்பாதைக்குச் சென்றார், எவர் திரும்பினார்? படம், பதக்கம், கடிதம், கடவுச்சீட்டு என எஞ்சியது யாது? இவற்றை அறிந்த பிறர் யாவர்? விடையைத் தமிழெழுத்தில், சொன்னவர் சொன்ன சொல்லிலேயே எழுதுக. சொன்னவர் பெயரையும் நாளையும் குறிக்க. நேரில் கண்டதையும் கேட்டறிந்ததையும் பிரித்துக் காட்டுக. இரு விடைகள் முரண்படின் இரண்டையும் எழுதுக, ஒன்றை அழிக்கற்க.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. அமெரிக்க விடுதலைப் போர்வீரரின் வழிவந்த பெண்டிர்க்கென 1890இல் ஒரு சங்கம் தோன்றியது. குடிவழிச் சான்றுகளைத் தொகுத்ததில் அதன் பணி பெரிது. அச்சங்கமே 1939இல் மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகியார் தன் அரங்கில் பாட இசைவு மறுத்தது. முன்னோரின் விடுதலைப் போரைப் போற்றுவோர் பிறர் விடுதலையை மறுத்த முரண் அது. நம் குடிவழி ஏடுகளும் சாதிப்பெருமையின் வேலியாக மாறிவிடலாகாது. படைவீரர் இல்லாத குடும்பம் அவரைக் கற்பித்துக்கொள்ளவும் வேண்டா. இருப்புப்பாதையில் மாண்டவரும், கணவர் திரும்பாத வீட்டில் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தாயும் வரிசையில் அதே அளவினதாகிய எழுத்தில் எழுதப்படத்தக்கவரே.

ஒவ்வொரு மாணவரும் இவ்வாண்டு விடுமுறையில் தம் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவ்வேழு வினாக்களையும் கேட்டு எழுதி, ஒரு படியை வீட்டிலும் மறுபடியைப் பள்ளியிலும் வைப்பாராயின், பத்தாண்டுகளில் இம்மலைத் தமிழரின் பெயரேடு உருவாகிவிடும். பேரன் என்னும் சொல்லுக்கு உரிய கடமை அது.